வார்னிஷ் போடாத காயில்

என் கடையில் காயில் கட்டிய மோட்டார் திரும்பி வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தா.பழூர் ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை என்னுடையது. உள்ளே வருகிற ஆட்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். "இருக்கேங்க, உங்க முன்னாடிதான் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன்" என்பேன். அதற்குப் பிறகுதான் மோட்டாரை வண்டியிலிருந்து இறக்குவார்கள்.

திரும்பி வராததற்குக் காரணம் வார்னிஷ். செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டி, ஓடவிட்டுப் பார்த்து, பிறகு சிவப்பு வார்னிஷைத் தாராளமாகப் போட்டுக் காயவைப்பேன். கம்பி அசையாது, ஈரம் இறங்காது. வார்னிஷ் போட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு சோதித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. இந்தப் பழக்கம்தான் நாலு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

என் தம்பி, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். "அரியலூர், அரியலூர், அரியலூரேய்!" என்று அவன் பஸ் ஸ்டாண்டில் நின்று கூவினால், பக்கத்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கூட இறங்கி வந்துவிடுவார். ரேடியோ கிறுக்கு முதலில் அவனுக்குத்தான் பிடித்தது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஹாம் ரேடியோவை இயக்கிக் காட்டினார்கள். அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, செல்போனும் டவரும் இல்லாமல், வானத்தின் வழியாகவே ஊர்விட்டு ஊர் பேசுவது. பார்த்துவிட்டு வந்தவன் என்னையும் இழுத்தான்.

"கம்பி சுத்துறதுதான் இதுல பாதி வேலக்கா. ஒனக்கு அல்வா சாப்புடுற மாதிரி."

இரண்டு பேரும் படித்தோம். மோர்ஸ் என்று ஒன்று உண்டு. 'டி' என்ற சின்ன ஒலியும் 'டா' என்ற நீண்ட ஒலியுமாக இங்கிலீஷ் எழுத்துகளைத் தட்டுவது. விசில் ஊதிப் பழகிய அவனுக்கு அது ஒரே மாதத்தில் வந்துவிட்டது. எனக்கு அரை வருஷம் ஆனது. சேர்ந்தே பரீட்சை எழுதினோம், சேர்ந்தே லைசென்ஸ் வாங்கினோம். அவன் ஒரு செட்டை விலைக்கு வாங்கினான். எனக்குக் கேட்பதற்கு மட்டும் ஒரு செட் வாங்கிக் கொடுத்தான். அனுப்புகிற செட்டை நானே செய்துகொள்வேன் என்று சவடால் அடித்தேன். அப்புறம் சம்பா நடவு வந்தது, எரிந்த மோட்டார்கள் வரிசையாக வந்தன, சவடால் சவடாலாகவே கிடந்தது.

அந்த இடைவெளியில் அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தான். குரல் போய்விட்டது.

அரும்பாவூரில் அவன் வீட்டுக்குப் போன் செய்தால் எடுக்க மாட்டான். எடுத்துத்தான் என்ன செய்வான்? வாட்ஸ்அப்பில் "சாப்டியா?" என்று கேட்டால் "ம்" என்று வரும். "வலி இருக்கா?" "ம்." "அங்க மழையா?" "ம்." ஊரையே கூவி அழைத்தவனுக்கு மிஞ்சியது ஓர் எழுத்து. அவன் மனைவி சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். ஒருநாள் போனில் உடைந்து அழுதாள்.

"காப்பியக் குடிச்சிட்டு செவுத்தப் பாத்து ஒக்காந்துடுறாரு அண்ணி. யாரு வந்தாலும் ஏறிட்டுப் பாக்குறதில்ல. அந்த ரேடியோ பொட்டியக்கூடத் துணில சுத்தி பரண்ல போட்டுட்டாரு. எனக்குப் பயமா இருக்கு."

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். பச்சமலை தெரிகிற அந்த முன்னறையில் அவன் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"பேசத்தான தொண்ட வேணும்? மோர்ஸுக்கு வெரல் போதாதாடா? வெரலையுமா அறுத்து எடுத்துட்டாங்க?"

போனில் தட்டி நீட்டினான். "விடு." அவ்வளவுதான். அக்கா என்றுகூட இல்லை. நான் விடவில்லை. அவன் மனைவி குறுக்கே வந்து கையைப் பிடிக்கும்வரை திட்டினேன். கடைசியில் இன்னொரு வரி தட்டினான். "நீ உன் கையால செஞ்ச செட்டுல கூப்பிடு. எனக்குக் கேட்டா பதில் தரேன்."

என் வாயை அடைக்கத்தான் அப்படி எழுதினான் என்பது எனக்குத் தெரியாதா என்ன? சவடால் அடித்தவள் செய்ய மாட்டாள் என்ற கணக்கு.

"தெனம் பதினோரு மணிக்குக் கூப்புடுவேன். காது குடுக்கணும், ஆமா" என்றேன்.

"ம்."

பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். அவன் கொடுத்த வாக்கைக் கொண்டே அவனைப் பிடித்து இழுப்பது. எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். என்னை யாரும் காயில் கட்டக் கூப்பிடவில்லை, நானாகத்தான் கற்றுக்கொண்டேன். இதையும் செய்வேன்.

ஐப்பசி மழையில் மோட்டார் வேலை குறைந்தது. பழைய டி.வி. போர்டிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர், தபாலில் வரவழைத்த, தகர மூடி போட்ட ஒரு சின்ன கிரிஸ்டல், பி.வி.சி. பைப் துண்டின் மேல் சுற்றிய காயில், ஸ்கூட்டர் பேட்டரி. மோர்ஸ் தட்டுகிற சாவிக்கு ஹேக்ஸா பிளேடு ஒன்றை வளைத்துக்கொண்டேன். செட் ரேடியோவில் எந்த எண்ணில் ஒலிக்கும் என்பதை அந்தக் கிரிஸ்டலே தீர்மானித்துவிடும். அந்த எண்ணைத் தம்பிக்கு அனுப்பி வைத்தேன். சோதிப்பதற்கு ஒரு டார்ச் பல்பு. சாவியை அழுத்தினால் பல்பு எரிய வேண்டும். முதல் நாள் மாலையில் அது பளிச்சென்று எரிந்தது. கடையில் தனியாக நின்று கை தட்டினேன்.

அதோடு விட்டேனா? என் கைப்பட்ட காயில் ஆயிற்றே. வார்னிஷ் போட்டேன்.

மறுநாள் காலை காய்ந்துவிட்டது. மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னைக்கு இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியில் செட்டை மாட்டினேன். சரியாகப் பதினோரு மணி. லைசென்ஸில் எங்கள் இருவருக்கும் அடையாளமாகத் தந்த எழுத்துகளை, கால் சைன்களை, கால் மணி நேரம் தட்டினேன். காதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. "கேட்டுச்சா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ம்ஹூம்" என்றான்.

கம்பியைச் சந்தேகப்பட்டேன். உயர்த்திக் கட்டினேன், இறக்கிக் கட்டினேன். என் வீட்டுக்காரர் தென்னையில் ஏறி இறங்கிச் சலித்துப்போய், "தம்பி வர்ற வரைக்கும் இதுல துணியாவது காயப்போடலாமா?" என்றார். பேசாமல் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். கம்பியில் பிழை இல்லை என்றதும் செட்டையே பிரித்துப் புதிதாகக் கட்டினேன். மாலையில் பல்பு பளிச். வார்னிஷ். மறுநாள் பதினோரு மணிக்கு இரைச்சல். மூன்றாவது செட்டும் அப்படித்தான். நான்காவதும் அப்படித்தான்.

அவன் கேட்கிறானா என்ற சந்தேகம் வேறு என்னை அரித்தது. அவன் மனைவியிடம் கேட்டேன். "நான் காலையிலயே ஸ்கூலுக்குப் போயிடுறேன் அண்ணி. சாயங்காலம் வந்து பாத்தா பொட்டி பரண்லதான் இருக்கு, சுத்துன துணி சுத்துனபடியே" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் மறுநாள் பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். நான் கூப்பிடாத அந்த ஒருநாள் பார்த்து அவன் காது கொடுத்துவிட்டால்?

மாசி பிறந்தது. ஐந்தாவது செட்டைக் கட்டி முடித்து, சாவியை அழுத்திப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் துண்டு, டெம்போவில் மோட்டார்.

"ஏம்மா, கடைல ஆம்பள யாரும் இல்லையா?"

"இருக்காருங்க. உங்க பின்னால நிக்கிறாரு பாருங்க, கரண்ட்டுக் கம்பம்!"

சாவியின் மேல் குறட்டைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போனேன். அவர் சிரித்துவிட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து, வந்த வேகத்தில் வார்னிஷ் பிரஷ்ஷை எடுத்துக் காயில் மேல் இழுத்தேன். குறடு சாவியின் மேலேயே இருந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பிரஷ் போகப் போகப் பல்பு மங்கியது.

கையை எடுத்தேன். மங்கியபடியே நின்றது. இன்னொரு இழுப்பு இழுத்தேன். பல்புக்குள் அணைகிற ஊதுபத்தி முனை அளவுக்கு ஒரு சிவப்புதான் மிச்சம் இருந்தது.

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மோட்டாருக்கு உயிர் கொடுக்கிற வார்னிஷ், இந்தக் காயிலுக்கு எமன். இந்தச் செட்டில் காயில் இம்மி பிசகாத ஓர் அளவில் நிற்க வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே வார்னிஷ் இறங்கினால் அந்த அளவு மாறிவிடும், இருக்கிற கொஞ்சநஞ்ச சக்தியையும் அதுவே குடித்துவிடும். வார்னிஷ் போட்ட பிறகு எவராவது பல்பை மாட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான்தான் பார்க்க மாட்டேனே! என் கடை வேலை திரும்பி வராதே! நாலு மாதம் அரும்பாவூரில் ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததற்கு என் வீறாப்பும் ஒரு காரணம். அதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டேன்.

அந்தக் காயிலைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றினேன். வார்னிஷ் போடவில்லை. சேலை கட்டாமல் ஆளை வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது எனக்கு. கை இரண்டு முறை டின் பக்கம் போனது. டின்னை மூடி வீட்டுக்காரரிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தர வேண்டாம் என்றேன்.

மறுநாள் பல்பைத் திரும்பவும் மாட்டிப் பார்த்தேன். பளிச். மாடிக்குப் போனேன். பதினோரு மணி. அவனுடைய கால் சைன், பிறகு என்னுடையது. மூன்று முறை தட்டிவிட்டு விரலை எடுத்தேன்.

இரைச்சல். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து, சன்னமாக, தெளிவாக, ஒரு ஒலி எழுந்தது.

டிடா. டாடிடா. டாடிடா. டிடா.

ஏ, கே, கே, ஏ.

எழுதிக்கொள்ள வைத்திருந்த பேனா கீழே விழுந்தது. கால் சைனுக்கு முன்னால் அதைத் தட்டியிருந்தான். அக்கா. அவன் அப்படிக் கூப்பிட்டு வருஷம் ஒன்று ஆகப்போகிறது. வாய் விட்டு அழுதேன். கீழே இருந்து என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன், ஏனென்றால் அவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

"தெனம் கேட்டேன். இன்னிக்குத்தான் வந்தே."

தினம். நாலு மாதமும் பதினோரு மணிக்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, கேட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் துணியைச் சுற்றித் திரும்ப ஏற்றி வைத்திருக்கிறான். என் வாயை அடைக்க எழுதினான் என்று நினைத்தேனே!

எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். விரலுக்கு வந்த ஒன்றைத் தட்டினேன்.

"சாப்டியா?"

"ம்" என்றுதான் வருமோ என்று ஒரு கணம் பயந்தேன்.

"சாப்டேன். நீ?"

இன்னும் இல்லை என்று தட்டினேன். மணி என்ன ஆகிறது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீரா குடித்தாய், புத்தி இருக்கிறதா என்று விடாமல் திட்டத் தொடங்கினான். குறுக்கே ஒரு எழுத்துகூடத் தட்டாமல், அவன் முழுதாகத் திட்டி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.