செவத்தியை நான் தின்னாத கதை

என் பெண்டாட்டி எலிசாவைப் பற்றிக் கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். அவளுக்குக் கோழி முதல், புருஷன் அப்புறம். வாரம் தவறாமல் தக்கலைச் சந்தைக்கு முட்டை கொண்டு போகிறவள்; ஆனாலும் பதினான்கு வருஷக் குடித்தனத்தில் வீட்டுக் கோழி ஒன்றுகூட எங்கள் சட்டியில் ஏறியதில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பாள். பெயர் வைத்ததை எப்படி ஐயா அறுப்பது? நான் தையல்காரன், நாள் முழுக்க மிஷின் மிதிக்கிற உடம்பு. கறி கேட்கும். கேட்டு என்ன பிரயோசனம், பயறும் கஞ்சியும்தான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள் கிடந்தேன். இனி பிழைக்க மாட்டேன் என்று எங்கள் சபை உபதேசியார் ஏசுஅடிமை கடைசி ஜெபமே பண்ணிவிட்டுப் போனார். எலிசா முழங்காலில் நின்று, இந்த மனுஷனைத் திருப்பித் தந்தால் செவத்தியைத் தந்துவிடுகிறேன் என்று கர்த்தரோடு பேசி முடித்தாள். செவத்தி சிவப்புப் பெட்டைக்கோழி. கூப்பிட்டால் வந்து மடியில் உட்காரும். எலிசாவுக்கு அது உயிர். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இனி செவத்தி போக வேண்டும்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வருகிற வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, ஆடு, கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நேர்ந்தவர் திரும்ப எடுக்கக் கூடாது. ஆனால் நேர்ந்தவளின் புருஷன் எடுக்கலாமே! கர்த்தருக்கும் கொடுத்தாயிற்று, கறியும் கிடைத்தாயிற்று. இந்த யோசனை வந்ததும் ஏலத்துக்குக் காசு சேர்க்க இரண்டு மாதம் மூக்குப்பொடியை விட்டேன், டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "காய்ச்சலுக்குப் பொறவு மனுஷன் நல்லா திருந்தீட்டாரு" என்று எலிசா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் சர்க்கார் சினிமா வண்டி வந்தது. ஏலத்துக்கு முன்னால் ஓசியில் படம். சபைப் பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கினோம். காணிக்கைக் கோழிகளை வெளியே விட்டால் நாய் பிடிக்கும் என்று காலைக் கட்டி பெஞ்சுகளுக்கு அடியில் தள்ளினோம்.

படம் வெளிநாட்டுச் சமாசாரம். மனுஷன் தின்கிற சாப்பாட்டைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டினார்கள். ரொட்டி தன்னைத்தானே நறுக்கிக்கொண்டு வந்தபோது கைதட்டினோம். அப்புறம் கோழி. கம்பிக் கூட்டுக்குள் வரிசை வரிசையாகப் பத்தாயிரம். அத்தனையும் ஒலிபெருக்கியில் கொக்கரித்ததும் பெஞ்சுக்கடியில் கிடந்த முப்பதும் பதில் சொல்லின. ஒரு சேவல் கூவியே விட்டது. கட்டவிழ்ந்த ஏதோ ஒன்று வேட்டிக்குள் புகுந்து சிறகடிக்க, உபதேசியார் "கர்த்தாவே!" என்று பெஞ்சு மேல் ஏறி நின்றார். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது.

அந்தக் கூச்சலுக்குள் எலிசாவின் குரல் கேட்டது. "சாரே, இதுவ மண்ணக் கிண்டுகது எப்போ?"

"அதுக்கெல்லாம் சமயம் இல்லம்மா" என்றார் படம் காட்ட வந்த அதிகாரி.

"பேரு உண்டா?"

"பத்தாயிரம் கோழிக்கு ஆரும்மா பேரிடுவா?"

அடுத்து கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஒரு பெட்டிக்குள் போயின. மறுபக்கம் மொட்டையாக வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. சாக்குகளை அவிழ்த்தபோது எலிசா செவத்தியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "எனக்க செவத்தியத் தின்னுகவன் மூஞ்சில முழிக்க மாட்டேன், ஆமா!" நான் மடியில் முடிந்திருந்த காசைத் தடவிப் பார்த்தேன்.

ஏலம் கூறியவன் ரசலையன். செவத்தியை முதலில் எடுத்தவள் பக்கத்து வீட்டுக் குளோரி. காசைக் கட்டிய கையோடு, "தின்ன மனசு வரல்ல, ஆண்டவருக்கே குடுக்கேன்" என்று திரும்ப வைத்தாள். அப்படி வைத்தால் மறுபடி ஏலம் போடுவது வழக்கம். அடுத்து எடுத்தவனும் வைத்தான். அதற்கடுத்தவனும் வைத்தான். ஒன்பது தடவை! ரசலையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஏலே மக்கா, இந்த ஒரு கோழிய வச்சே கோயிலுக்கு ஓடு மாத்திரலாம் போலிருக்கே!" சபை விழுந்து விழுந்து சிரித்தது. எலிசா மட்டும் ஒவ்வொரு தடவையும் எடுக்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது தடவை உபதேசியார் கை தூக்கினார். பெஞ்சு மேல் ஏறிய அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அவர் திருப்பி வைக்கிற ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எலிசாவின் முகம் செத்துப்போயிற்று. நான் இரண்டு மாதப் பொடியையும் டீயையும் மொத்தமாகக் கூட்டி ஒரே கத்தாகக் கத்தினேன். உபதேசியார் தூக்கின கையை இறக்கிவிட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கோழி என் கையில்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முற்றத்தில் நின்று, "இதுக்குத்தானா பொடிய விட்டிய?" என்றாள்.

"ஆமாட்டி. கறி வைக்கத்தான்."

உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தாள். "கர்த்தருக்குக் குடுத்தாச்சு. இப்போ இது உங்களுக்க கோழி. வச்சுத் தாறேன்." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. செவத்தி ஒன்றும் தெரியாமல் என் காலடியில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"கொண்டு போ, ஏட்டி, கத்திய! பேரு வச்ச கோழிய எவனாவது தின்னுவானா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "உங்கள கர்த்தரு திருப்பித் தந்தாரு. இவள நீங்க தந்திட்டிய."

அன்றைக்கும் பயறும் கஞ்சியும்தான். கூட ஒரு முட்டை பொரித்து வைத்தாள். செவத்தி போட்டது.