கடித்துப் பார்த்து மோல்ட் வாங்கியவர்

சூசை அண்ணை போய்விட்டார் என்ற செய்தி என்னிடம் வந்தபோது நான் ஜெர்மனியில், ஹம் நகர ரயில் நிலையத்தில் நின்றேன். காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். தொலைபேசியில் அவருடைய மகள் டிலானி. "மாமா, அப்பா போயிட்டார். நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டவர், அம்புலன்ஸ் வாறதுக்கு முதலே..." நான் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியைக் காலால் உதைத்தேன். மூன்று தரம் உதைத்தேன். ஒரு ஜெர்மன் பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். அண்ணை பக்கத்தில் நின்றிருந்தால் காரணம் கேட்காமலே தானும் நாலு உதை விட்டிருப்பார்.

பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தபோது டிலானி அவருடைய நெற்றியைத் தடவித் தடவி அழுதாள். இடது புருவத்துக்கு மேலே இருக்கும் அந்த வடுவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். "என்ரை கலியாணத்துக்குப் பியர் காய்ச்சப் போய்த்தானே போத்தல் வெடிச்சு அப்பான்ரை நெத்தி பிளந்தது. என்னாலைதானே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவளே வந்து, "மாமா, நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். அந்தப் போத்தல் வெடிச்ச கதையையும் போடுங்கோ" என்றாள். ஓம் என்றேன். அதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் போத்தல் வெடிக்கவில்லை, டிலானி.

அண்ணையை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. சூசைதாசன், மன்னார் ஆள். என்னோடு ஒரே கம்பி ஆலையில், ஒரே இயந்திர வரிசையில் பன்னிரண்டு வருடம் நின்றவர். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஒருநாள் ரயிலில் ஒரு மொட்டைத் தலையன் அண்ணையின் மனைவி ரெஜினா அக்காவின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டான். அண்ணை எழும்பிப் போய்த் தன் தலையால் அவன் மூக்கை இடித்தார். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த பெட்டிக்கும் கேட்டது. முதலில் கை வைத்தவன் அவன்தான், ஆனால் வழக்கு விழுந்தது அண்ணை மேல். அந்த வழக்கு அவருடைய குடியுரிமையை நாலு வருடம் பின்னுக்குத் தள்ளியது. அலுவலகம் நேரம் குறித்துத் தருகிற ஒவ்வொரு டெர்மினுக்கும் போய், "வழக்கு இருக்குதே" என்ற ஒரே பதிலோடு திரும்பி வருவார். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கெல்லரில், அந்த நிலக்கீழ் அறையில், பியர் காய்ச்சுவார். களவாக வடிக்கிற கசிப்பு இல்லை, ஒழுங்கான பியர். சுங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அறிவித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். தங்க நிறத்தில் தெளிந்து நிற்கும் பில்ஸ் என்ற பியர் ஒன்றைத் தவிர வேறெதுவும் காய்ச்சமாட்டார். "கறுத்த பியருக்குள்ளை என்ன பிழையையும் ஒளிக்கலாம். இதுக்குள்ளை மோல்ட் உடுப்பில்லாமல் நிக்கும்" என்பார். மோல்ட் என்பது முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி. படம் போட்ட சின்னப் பொதிகளில் விற்கும் கடைகளை அவர் கண்ணிலும் காட்டக்கூடாது. "கடதாசிக்கும் படத்துக்கும் காசு குடுக்கிற விசரர்" என்று திட்டுவார். நாற்பது கிலோமீற்றர் தள்ளி, ஊர்ப் பியர் ஆலைகளுக்கு மோல்ட் கொடுக்கிற ஒரு சின்ன ஆலை இருந்தது. அங்கே போய்ச் சாதாரண பில்ஸ் மோல்ட்டைச் சாக்காக வாங்குவார். அதைவிட மலிவாக ஒருவரும் நல்ல மோல்ட் வாங்க ஏலாது என்பது அவருடைய சவால். சாக்கைத் திறந்து நாலு மணியை வாயில் போட்டு நறுக்கென்று கடிப்பார். பிஸ்கற் போல உடைந்து இனித்தால் வாங்குவார், இல்லாவிட்டால் சாக்கை அங்கேயே எறிந்துவிட்டு வருவார்.

போத்தல் ஒருநாள் உண்மையாகவே வெடித்தது. சீனி கூடிப்போய் ஆறு போத்தல்கள் அடுத்தடுத்து வெடித்துக் கண்ணாடித் துண்டுகள் மரக்கதவில் ஆணி போல ஏறி நின்றன. நாங்கள் இருவரும் மேசைக்குக் கீழே கிடந்தோம். மேல் மாடி ஜெர்மன்காரர் படியில் நின்று கத்தினார். அன்று எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஊர் முழுக்க அந்தக் கதை தெரியும், அதுதான் பிறகு உதவியது.

டிலானியின் கல்யாணத்துக்கு மே மாதம் நாள் வைத்தார்கள். பெப்ரவரிக் குளிரிலேயே காய்ச்சி ஆறவைக்கவேண்டும். அண்ணைக்கு அந்தக் கிழமை லீவு கிடைக்கவில்லை. "பாலா, நீ போய் மோல்ட் எடுத்துக்கொண்டு வந்து தொடங்கு. நான் சனிக்கிழமை மத்தியானம் வாறன். மறந்திடாதை, கடிச்சுப் பார்" என்றார். போகிற வழியில் குதிரைத் தீனி விற்கும் கடை ஒன்று. வாசலில் பார்லிச் சாக்குகள். மணியைப் பார்த்தேன், அதே நிறம், அதே வடிவம். விலை பாதி. அண்ணையின் சவாலை முறித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோசம், ஒரே புளுகம். நாலு சாக்கு ஏற்றினேன். கடித்துப் பார்க்கவில்லை. பார்லி பார்லிதானே!

சனிக்கிழமை முதல் சாக்கை நானே அரைத்தேன். கையால் சுற்றுகிற அரைக்கும் ஆலை கிறீச்சிட்டுக் கத்தியது. ஆலையின் பல்தான் மொட்டை என்று நினைத்தேன். அண்ணை வந்தபோது பெரிய பானையில் மா ஊறி ஒன்றரை மணி நேரம். காயத்துக்குப் போடுகிற அயோடின் போத்தலை எடுத்தார். மாவிலுள்ள மாப்பொருள் எல்லாம் சீனியாக மாறியிருந்தால் அயோடின் துளி தன் நிறத்திலேயே நிற்கும். எங்களுடையது கறுத்தது. இன்னும் அரை மணி பார்த்தார், மறுபடியும் கறுத்தது. சாக்குக்குள் கையை விட்டு நாலு மணி எடுத்துக் கடித்தார், துப்பினார்.

"இது எங்கையடா வாங்கினனி?"

சொன்னேன்.

"இது முளைக்கவைச்சதே இல்லை. குதிரைக்குப் போடுறதை என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு ஊத்தப் பாத்தியோ? நான் சொன்னனானெல்லே, கடிச்சுப் பார் எண்டு! கடி! இப்ப கடியடா!" என் பிடரியைப் பிடித்து என் முகத்தைச் சாக்குக்குள் அமத்தினார். வாயும் மூக்கும் உமியால் நிரம்பி எனக்கு மூச்சு நின்றது. உதறிக்கொண்டு எழும்பினேன். கைக்குக் கிடைத்தது பானை துழாவுகிற மரத் துடுப்பு. அதைத் தூக்கி அவருடைய நெற்றியில் அடித்தேன்.

அடித்தேன். ஒரு தரம், என் முழுப் பலத்தோடும். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து இரத்தம் கண்ணை மூடி வழிந்தது. அவர் பின்னுக்கு விழுந்து வெறும் போத்தல் தட்டோடு மோதினார், நாற்பது ஐம்பது போத்தல்கள் நொறுங்கின. நான் துடுப்போடு நின்றேன். இன்னொரு அடி போடவும் என் கை ஓங்கித்தான் இருந்தது. அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம்.

மேல் மாடிக்காரர் பொலிஸைக் கூப்பிட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் படியிறங்கி வந்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் நான் நினைத்தது ஒன்றைத்தான். மூன்று கிழமையில் எனக்குக் குடியுரிமை டெர்மின். என் மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் அதே அன்ட்ராக்கில், ஒரே விண்ணப்பத்தில். அந்தப் படிவத்தை வரிக்கு வரி நிரப்பித் தந்தவர் என் முன்னால் இரத்தத்தில் இருந்தார். அடிதடி வழக்கு ஒன்று விழுந்தால் எல்லாம் முடிந்தது.

பொலிஸ்காரி கேட்டாள், என்ன நடந்தது என்று.

"போத்தல் வெடிச்சது" என்றார் அண்ணை ஜெர்மனில். "நான் குனிஞ்சு நிண்டனான். போன வருசமும் வெடிச்சது, அந்தக் கதவைப் பாருங்கோ."

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு இரத்தம் பட்ட துடுப்பைப் பார்த்தாள்.

"அது என்ரை கையிலை இருந்தது" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானா?"

"யா" என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை வருடமாகத் தொண்டைக்குள் வைத்திருக்கிறேன்.

அவர்கள் போனதும் அண்ணை கெல்லர்க் கதவைப் பூட்டினார். துவாயை நெற்றியில் அமத்திப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தார். "என்னை மாதிரி நாலு வருசம் நீ அலையக்கூடாது. அதுக்குத்தான் சொன்னனான். ஆனால் அடி அடிதான்" என்றார். அடுத்த கணம் அவருடைய பொத்திய கை என் தாடையில். நான் தரையில், கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே. வாயிலிருந்து இரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பல்லாலை ஒரு மணியைக் கடிச்சுப் பாத்திருந்தா ரெண்டு பேருக்கும் இது வந்திராது, மடையா."

பிறகு அதே அயோடினை என் வாயிலும் தன் நெற்றியிலும் பூசினார். இருவரும் வலியில் கத்திக் குழறினோம். ஆஸ்பத்திரிக்கு வாருங்கோ என்று நான் கெஞ்சினேன். "முதல்லை பானையைப் பாப்பம்" என்றார். போன தடவை மிஞ்சிய நல்ல மோல்ட் அரைச் சாக்குக்கு மேல் மூலையில் இருந்தது. ஒரு கையால் துவாயும் மற்றக் கையால் ஆலையுமாக அரைத்து, அந்தச் செத்த மாவுக்குள் கொட்டி, சூட்டை அறுபத்திமூன்றுக்கு ஏற்றி, பானையைப் போர்வையால் சுற்றினார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கேயும் போத்தல் வெடித்தது என்றே சொன்னார். ஏழு தையல். என்னைப் பார்த்த டொக்டரிடம், "இவர் என்னைப் பிடிக்க வந்து படியிலை விழுந்தவர்" என்றார். பொய் சொல்லும்போது மனிதனுக்கு ஓர் இமை ஆடவில்லை!

திரும்பி வந்து துளி விட்டோம். அயோடின் தன் செம்மஞ்சள் நிறத்திலேயே நின்றது. அண்ணை அடுப்படியில் குந்தியிருந்து சிரித்தார், தையல் இழுபட்டு ஆவென்றார். "பாத்தியே, சாதாரண மோல்ட்தான். ஆனால் தன்ரை வேலையும் செய்து, உன்ரை குதிரைத் தீனியின்ரை வேலையையும் சேத்துச் செய்திருக்கு. இதுக்குத்தான் நான் மலிவு எண்டு பேர் சொல்லுறது." கல்யாணத்தில் அந்தப் பியரைக் குடித்துவிட்டு டுசல்டோர்ஃபிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள். அண்ணை என்னைப் பார்த்துக் குதிரை கனைப்பது போல ஒரு சத்தம் போட்டார். உங்களில் பலர் சிரித்தீர்கள், ஏன் என்று தெரியாமலே.

அந்தக் கோடையில் என் சிவப்பு ஜெர்மன் கடவுச்சீட்டு வந்தது. வீட்டுக்கே போகாமல் நேரே அண்ணையின் கெல்லருக்குக் கொண்டுபோனேன். வாங்கினார், புரட்டினார், மூலையை வாயில் வைத்து நறுக்கென்று கடித்தார். "ஓம், இது முளைச்சதுதான்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அன்று நான் அழுதேன். அவர் என் முதுகில் ஓர் அறை விட்டார், அது இரண்டு நாள் நொந்தது.

டிலானி, அதன் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளிலும் உன் அப்பா போத்தல் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தரமும் போத்தல் பெருத்தது. நான் பக்கத்திலிருந்து தலையாட்டினேன். உண்மையைச் சொல்லட்டா என்று ஒருநாள் கேட்டதற்கு, "நான் செத்தாப் பிறகு சொல்லு, அப்ப என்னாலை உன்னை அடிக்க ஏலாது" என்றார். பகிடி என்று நினைத்தேன். இப்போது சொன்னால் என் கடவுச்சீட்டுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. வருவது வரட்டும். உன் கல்யாணத்தால் அந்த நெற்றி பிளக்கவில்லை, பிள்ளை. என் கைதான் பிளந்தது. நீ அந்தச் சுமையை இறக்கி வை.

என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பவை இரண்டு. வாயில் வலப்பக்கம் ஓர் ஓட்டை, அதில் வேறு பல் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கடவுச்சீட்டின் மூலையில் நாலு பல்லின் பள்ளம். இரண்டையும் உனக்குக் காட்டுகிறேன், வா. அப்பாவுக்காக என்னை அடிக்கவேண்டும் என்று இருந்தாலும் வா. மிச்சப் பல்லெல்லாம் இன்னும் இருக்கிறது.