இரண்டு கையும் பிளாவில்

எங்கள் வளவுக்கும் கனகசபையின் வளவுக்கும் இடைப்பட்ட வேலியில் ஓர் ஆள் நுழையும் பொட்டு உண்டு. அதற்குள்ளால் தலையை நீட்டி, "இராசதுரை அண்ணை மோசம் போட்டார்" என்றார் கனகசபை. அந்தச் சாவுச் செய்தி வந்த வழியே இராசதுரை அண்ணை திறந்துவிட்டதுதான்.

யாழ்ப்பாணப் பட்டணத்தின் நடுவில், சந்தைக்குப் பின்னால் உள்ள தவறணையை அவர்தான் நடத்தினார். கள்ளுக் குடிக்கப் போனவர்களுக்கு அவரைத் தெரியும். போகவில்லை என்று வீட்டில் சொன்னவர்களுக்கும் தெரியும். மத்தியானத்தில் காலெடுத்து வைத்தால் நண்டுக்கறி வாசம் மூக்கைத் துளைக்கும். வங்கி ஊழியர், மீன் வியாபாரி, கனடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர், முதுகுப் பையோடு வந்த வெள்ளைக்காரர் எல்லோருக்கும் இருக்க ஒரே வாங்கு, கள்ளுக் குடிக்க ஒரே பனையோலைப் பிளா. வெளியூர் விருந்தாளியை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அங்கே கூட்டிப்போகலாம்.

விருந்தாளிகளுக்காவது கிளாஸ் வையுங்கள் என்று ஒருவர் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். "கிளாஸ் எண்டால் ஒரு கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கைதான் சண்டைக்குப் போகும். பிளாவுக்கு ரெண்டு கையும் வேணும்."

அந்த நாட்களில் கனகசபையும் நானும் முகம் பார்ப்பதில்லை. வேலியை என் பக்கம் தள்ளிப் போட்டார் என்று வழக்குக்கு ஆயத்தமாயிருந்தேன். தவறணையிலும் ஆளுக்கொரு மூலை. ஒரு மத்தியானம் அண்ணை எங்களை ஒரே வாங்கில் இருத்தி, நடுவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியையும் இருத்தினார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில் எங்கள் வேலிச் சண்டையை அவர்களிடம் அவிழ்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். "யாழ்ப்பாணம் பாக்க வந்த சனம். இதையும் காட்டி விடுங்கோ."

எவ்வளவு நிலம் போனது என்று அந்தப் பெண் கேட்டார். கையை விரித்துக் காட்டவேண்டும். என் இரண்டு கையிலும் நிறைந்த பிளா. கீழே வைத்தால் கவிழ்ந்துவிடும். கனகசபை தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்து முடித்து, "கொண்டாங்கோ, நான் பிடிக்கிறன்" என்று என் பிளாவை வாங்கினார். நான் அகலத்தைக் காட்டினேன். அதற்குள் ஒரு பூசணிக்காய்கூட நிற்காது. "இவ்வளவுதானா?" என்று அந்தப் பெண் கேட்க, கனகசபைதான் முதலில் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"கோட்டுக்குப் போறதெண்டால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுங்கோ" என்றார் அண்ணை. அடுத்த நாள் கனகசபையும் நானுமாக வேலியில் நட்டிருந்த இரண்டு கதியாலைப் பிடுங்கி ஆள் நுழையப் பொட்டு வைத்தோம்.

அவரை அறிந்தவர்களே, இப்படி ஒரு மனிதர் எங்கள் பட்டணத்தில் இருந்தார் என்று நான் எங்கும் பெருமையாகச் சொல்வேன். அவருடைய பெட்டியைக் கனகசபையும் நானும் சேர்ந்தே தூக்கினோம். கண்ணைத் துடைக்க எங்களுக்கு ஒரு கை சும்மா இருக்கவில்லை. இந்த வருஷமும் வேலியைப் புதிதாய் அடைப்போம், பொட்டை அடைக்கமாட்டோம். அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.