கிடாரமும் எர்த் வயரும்

எலக்ட்ரீஷியனுக்கு ஆபத்தான இடம் கூரையும் அல்ல, கம்பமும் அல்ல, விருந்து வீடு. டாக்டர், மெக்கானிக், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று என்னோடு இந்தத் துன்பத்தைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு இது விளங்கும். கையில் கோப்பையைத் தந்துவிட்டுத்தான் "இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள்.

வாசலில் நின்று பார்த்தது

சிட்னியின் நார்த்மீட் பகுதியில் மரியதாஸ் வீட்டில் விருந்து, மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மைக்காக. மரியதாஸ் மன்னார்க்காரர், வேர்ஹவுஸில் வேலை, பியரை வீட்டிலேயே காய்ச்சுபவர். கராஜில் அதற்கென்று அண்டா மாதிரி ஒரு பெரிய எவர்சில்வர் கிடாரம். பக்கத்தில் துளை போட்டு ஹீட்டர் கம்பி பூட்டியிருந்தார். வயர் மூட்டு கறுப்பு டேப் சுற்றியபடி கிடாரத்தின் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கியது.

வாசலில் நின்றபோதே எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், பியரும் நன்றாகக் குளிர்ந்திருந்தது. விருந்தில் போய்ச் சண்டையா? "கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மரியதாஸ் மற்றவர்களிடம் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது: "எலக்ட்ரீஷியனே பாத்திட்டார். இனியென்ன பயம்?"

விழாத சுவிட்ச்

சில வாரம் கழித்து அவருடைய மனைவி ஜெசிந்தா அழைத்தார். கிடாரத்தைத் தொட்டால் விரல் கூசுகிறதாம். போய்க் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயர் வெட்டப்பட்டிருந்தது. அது இருந்தபோது, மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சேஃப்டி சுவிட்ச் அடிக்கடி விழுந்ததாம், ஆகவே குற்றவாளி அதுதான் என்று மரியதாஸ் முடிவு செய்திருக்கிறார். உண்மையில் ஹீட்டர் கம்பி பழுதாகி மின்சாரம் கிடாரத்துக்குக் கசிந்தது. சுவிட்ச் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. இவர் அதன் வாயை அடைத்துவிட்டார்.

"எர்த் இல்லாட்டி கசியிற கரண்டுக்குத் தரைக்குப் போக வழியில்லை. இனி அந்தச் சுவிட்சை விழவைக்க ஒரு மனித உடம்பு வேணும்" என்றேன். சுவிட்ச் நேரத்துக்கு விழுந்தால் தப்பலாம் என்பதையும் சொன்னேன்.

"நான் ரப்பர் செருப்புப் போட்டுத்தானே அண்ணை நிக்கிறனான்!"

ஜெசிந்தா கராஜின் சீமெந்துத் தரையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கிடாரம் கழுவுறது நான். வெறுங்காலோடைதான் கழுவுறனான்."

என் பெயரில் இன்னொன்று

வேறு யாராவது இப்படிச் செய்தார்களா என்று கேட்டேன். மரியதாஸ் தலையைச் சொறிந்தார். கூட வேலை செய்யும் செந்தில், பிளாக்டவுனில் இருப்பவர், இதைப் பார்த்து ஒன்று செய்திருக்கிறார். யாரும் கூப்பிடாமலே சனிக்கிழமை காலை அங்கே போனேன்.

அங்கே கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த குளியல் வாட்டர் ஹீட்டர் ராட், ஒரு குச்சியில் தொங்கியபடி பியர்ப் பானைக்குள். ஊர் பிளக்குக்கு மாட்டியிருந்த டிராவல் அடாப்டரில் எர்த்துக்கு வழியே இல்லை. சூடு பதமா என்று பார்க்க, ராட் ஓடும்போதே செந்தில் பானைக்குள் விரலை விடப் போனார். நான் போட்ட சத்தத்தில் அவருடைய நாய் ஓடியது. செந்திலுக்கு என் கோபம் புரியவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்: "அண்ணா, நீங்க பாத்து ஓகே சொன்ன டிசைன்தானே இது?"

நான் ஓகே சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.

பட்டனுக்குப் பொறுப்பானவர்

ராடை செந்திலே குப்பையில் போட்டார். மரியதாசுக்குப் புதுக் கம்பி போட்டு, ஆவி புகாத பெட்டிக்குள் மூட்டுகளை அடைத்து, எர்த் வயரைக் கிடாரத்தின் உடம்போடு போல்ட் போட்டு இறுக்கினேன். போர்டிலிருந்து தனி லைன், அதற்குத் தனி சேஃப்டி சுவிட்ச். எல்லாவற்றையும் மீட்டர் வைத்து அளந்த பிறகுதான் கரண்ட் கொடுத்தேன். கம்பி முழுக்க மூழ்கும்வரை தண்ணீர் நிற்காமல் சுவிட்சைப் போடக்கூடாது, காய்ச்சும் முன் ஒவ்வொருமுறையும் டெஸ்ட் பட்டனை அமத்தி சுவிட்ச் விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"ஒவ்வொருமுறையுமோ?" என்று மரியதாஸ் முனகினார். ஜெசிந்தா என்னைத் தாண்டிப் போர்டுக்கு நடந்தார்: "நீங்கள் செருப்போடை நில்லுங்கோ. நான் அமத்திப்போட்டு வாறன்."

இப்போதெல்லாம் விருந்து வீட்டில் நான் மீட்டரை முதலிலும் கோப்பையைப் பிறகும் எடுப்பதால் அழைப்புகள் குறைந்துவிட்டன, ஆனால் அழைத்தவர்களில் ஓர் உயிரும் குறையவில்லை.