மீன் லொறியில் போன ஏழு கொம்பியூட்டர்கள்

கொம்பியூட்டர் திருத்துகிறவருக்கு எந்த விழாவிலும் கதிரையில் இடம் கிடையாது. மேசைக்குக் கீழே, வயர்களுக்கு நடுவில்தான் இடம். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் மாட்டியிருந்தால், நான் சொல்லாமலே தலையாட்டுவீர்கள்.

களுவாஞ்சிக்குடியில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கட்டற்ற மென்பொருள் குழுவின் ஐந்தாவது ஆண்டுவிழா தேற்றாத்தீவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கட்டற்ற மென்பொருள் என்றால், யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கிறது! நாங்களோ ஒவ்வொரு வருசமும் கேக் வெட்டி, கைதட்டி, வீட்டுக்குப் போய்விடுவோம். இந்த முறை அப்படி விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஆட்கள் வேண்டாமென்று என் கடையில் போட்டுவிட்டுப் போன ஏழு பழைய மெசின்களைத் தூசி தட்டி எடுத்துப் போனேன். அவற்றில் லினக்ஸ் என்கிற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டு, வாகரைக்கு அங்கால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே பிள்ளைகள் மவுஸைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய வதனி டீச்சர் முதல் பஸ் பிடித்து வந்து இறங்கியிருந்தா. சந்தையில் மீன் இறக்கிவிட்டு வாகரைக்குத் திரும்புகிற லொறி மூன்று மணிக்கு மண்டபத்து வாசலுக்கு வரும். அதற்குள் ஏழும் முடிய வேண்டும்.

மங்கள விளக்கு

என்னிடம் லினக்ஸ் ஏற்றி வைத்திருந்தது இரண்டே பென் டிரைவ். அதனால் ஒரு நேரத்தில் இரண்டு மெசின்தான். எல்லாம் பழசுகள், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தின்னும். எட்டரைக்கே தொடங்கிவிட்டேன். முதல் இரண்டும் தொண்ணூறு வீதத்தைத் தாண்டுகிற நேரம் பார்த்து விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். ஃபான் காற்றில் திரி நிற்கவில்லை. எங்கள் தலைவர் ஐயா, ஓய்வுபெற்ற கிளாக்கர், ஃபான் சுவிட்ச் எது என்று போர்டில் தேடினார். பிறகு பொறுமை கெட்டு மெயினையே இழுத்துவிட்டார். ஃபானும் நின்றது, என் இரண்டு மெசினும் செத்துப்போனது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "ஐயா, ஒரு மணித்தியால வேலை போச்சே!" என்று சபை நடுவில் கத்தினேன். அவர் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டபடி ஆறுதலாகச் சொன்னார்: "விளக்கு அணைஞ்சா சகுனம் சரியில்ல புள்ள. கொம்பியூட்டர் அணைஞ்சாத் திரும்பப் போடலாந்தானே?"

சிறப்புரை

திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். வேறென்ன செய்ய? முதல் இரண்டும் முடிந்து அடுத்த சோடியைப் பூட்டும்போது சிறப்புரை தொடங்கியது. களவாகப் போட்ட மென்பொருளைக் கைவிடுங்கள் என்று பேச ஒரு தம்பி வந்திருந்தார். அவருடைய லப்டொப்பைப் புரொஜெக்டரில் பூட்டினால், ஆள் உயரத் திரையின் மூலையில், இது களவுப் பிரதி என்று அந்த லப்டொப்பே அறிவித்தல் போட்டுக்கொண்டு நின்றது.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிக்க நேரம் ஏது? ஓட்டமாக ஓடி, முடிந்திருந்த மெசின் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்குப் பூட்டிக்கொடுத்தேன். அதில் கால் மணித்தியாலம் போய்விட்டது. தம்பி என் காதுக்குள் சொன்னார்: "சத்தியமா அக்கா, இது என்ட வீட்டுக்காரியின்ட லப்டொப். அவக்கு நான் இன்னும் விளங்கப்படுத்தல்ல."

வினாத்தாள்

வதனி டீச்சர் காலையிலிருந்து என் பக்கத்திலேயே குந்தி, நான் அமத்துகிற ஒவ்வொரு கீயையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தா. சோற்றுப் பார்சல் வந்த நேரம், முடிந்த மெசின் ஒன்றில், தான் சீடியில் கொண்டுவந்த வினாத்தாளைத் திறந்து பார்த்தா. தமிழ் ஒரு எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளை அள்ளிக் கொட்டினமாதிரிக் கிடந்தது. டீச்சரின் முகம் செத்துப்போனது. "பத்து வருசமா அடிச்சு வச்ச பேப்பர் எல்லாம் இப்பிடித்தானா அக்கா? அப்ப இதக் கொண்டுபோய் நான் என்ன செய்ய?"

டீச்சர் வெளியே கடைகளில் இருந்து அடித்ததெல்லாம் பழைய எழுத்துருவில். அது புது மெசினில் இருக்கவில்லை. அவ்வளவுதான். பார்சலைப் பிரிக்காமலே என் கடைக்கு ஓடி, அந்த எழுத்துருவை எடுத்துவந்து, அதுவரை முடிந்த நாலு மெசினிலும் போட்டேன். பேப்பரைத் திரும்பத் திறக்க, தமிழ் வரிவரியாக வந்து நின்றது. டீச்சர் ஒருதரம் வாசித்துவிட்டு நாக்கைக் கடித்தா: "நல்லா வந்திட்டு அக்கா. ஆனா நாலாங் கேள்வியில கணக்கு பிழை. பத்து வருசமா ஆரும் காணல்ல, நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

மூன்று மணி

லொறி ஐந்து நிமிசம் முந்தியே வந்துவிட்டது. ஆறு முடிந்து ஏழாவது பாதியில் நின்றது. உள்ளே கேக் வெட்டுகிறார்கள், வெளியே ஹோர்ன் அடிக்கிறது. அரை மணித்தியாலம் நில்லுங்கள் என்று சாரதியைக் கெஞ்சினேன். பின்னேர மீன் தனக்காகக் காத்துக்கொண்டிருக்காது என்றுவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. "ஏழாவத அடுத்த கிழமை அனுப்புறன் டீச்சர்" என்றேன்.

டீச்சர் போய்ப் பிளக்கைக் கழற்றினா. "ஏழு வருகுது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிட்டன். நீங்க ஆறு போட்டதப் பாத்து எழுதிட்டன். ஏழாவத நான் போடுவன், பென்னத் தாங்க."

அந்தப் பென் டிரைவை நான் ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை. ஒரு அமத்து பிழைத்தால் மெசின் எழும்பாது. ஆனாலும் கொடுத்தேன். வெறும் மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஏழையும் அடுக்கி, தறப்பாளால் மூடிக் கட்டினோம். மறுநாள் ஞாயிறு முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். திங்கள் காலை டீச்சரின் கோல் வந்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, டீச்சர் கத்தித்தான் சொன்னா: "அக்கா, ஏழும் ஓடுது! மீன் மணத்தப் போக்க மட்டும் ஏதும் மென்பொருள் இரிக்கா?"

ஐந்து வருசமாகக் கேக் மட்டும் வெட்டிய குழுவில் ஒரே நாளில் நான் சாதித்தது, வாகரைப் பக்கத்து வேலை முழுவதையும் தொழில் பழகிவிட்ட ஒரு டீச்சரிடம் பறிகொடுத்ததுதான்; அடுத்த வருசம் இன்னும் ஒரு ஊரைப் பறிகொடுக்காமல் விடமாட்டேன்.