உங்கள் அம்மாவின் கறுப்புப் பொட்டு

பிள்ளைகளே, அம்மாவின் படத்தை ஏன் கறுப்பு வெள்ளையாக்கினேன் என்று இருவருமே கேட்டுவிட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

கருமக்கிரியைக்கு வைக்க ஒரு படம் வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் அவள் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான், கிள்ளானில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கைப்பேசியில் எடுத்தது. ஆனால் ஈரல் நோவு அதற்குள் முகத்துக்கு வந்துவிட்டது. கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். அந்த மஞ்சளை நீங்கள் தினமும் சுவரில் பார்க்கக்கூடாது. எனக்கு இருந்த நினைப்பு அது ஒன்றுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ கடைக்குக் கொண்டுபோனேன். கணினியில் இருந்த பெண் முதலில் மஞ்சளை மட்டும் குறைத்துப் பார்த்தாள். முகம் ரோஸ் பவுடர் பூசியதுபோல் ஆயிற்று.

“இது வேற யாரோ மாதிரி இருக்கும்மா,” என்றேன்.

“எனக்கே தெரியுது அங்கிள். கலரையே எடுத்துடட்டா?”

எடுத்தாள். அதுவரை அந்தப் படத்தில் நோய்தான் முதலில் கண்ணில் படும். இப்போது உங்கள் அம்மா பட்டாள்.

பிறகு அந்தப் பெண், மண்டபத்து விளக்கு நெற்றியில் அடித்திருந்த பளபளப்பைத் தணிக்க உட்கார்ந்தாள். ஒரு சின்ன இடத்தைப் பெரிதாக்குவாள், தடவுவாள், பிடிக்காமல் பழையபடி ஆக்குவாள்.

“இவ்ளோ நேரமாகுமாம்மா?”

“ஒரே தட்டுல முடிச்சிடலாம் லா. அப்புறம் ஆன்டிக்கு பொம்மை மூஞ்சிதான். ஓகேவா?”

கண்ணோரச் சுருக்கங்களைத் தொடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் உங்கள் அத்தை படத்தைப் பார்த்ததும், “என்னண்ணே இது, கறுப்புப் பொட்டு? பூவோட பொட்டோட போனவளுக்கு?” என்றாள்.

சிவப்பு கறுப்பாக விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொட்டை மட்டும் சிவப்பாக்கி அனுப்பினாள். நெற்றியில் காயம் பட்டதுபோல் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். அத்தை அன்று முழுதும் என்னோடு பேசவில்லை.

காரியம் முடிந்ததும் அத்தையை டெங்கிலில் விட நீங்கள் இருவரும் காரெடுத்துப் போனீர்கள். நான் சாமி மேடையிலிருந்து மோதிர விரலில் குங்குமம் தொட்டு, படத்தின் கண்ணாடிமேல், அந்தக் கறுப்புப் பொட்டுக்கு நேராக வைத்தேன். கொஞ்சம் கோணலாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.