மேல்வீட்டுக்காரியின் மாவுக்கட்டு

எங்கள் கட்டட வேலையில் கிரேன் தூக்கப்போகிற எந்தச் சாமானிலும் முதலில் எடையை எழுதியாக வேண்டும். எழுதாததைக் கிரேன்காரி தொடவே மாட்டாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மேல்வீட்டுக்காரி. காலையில் ஏணி ஏறி உச்சிக் கூண்டுக்குள் போனால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பாள். நான் கீழே நின்று அவளுக்குக் கைச்சைகை காட்டுகிறவன். அங்கே இருந்தால் அவள் எனக்குக் கட்டைவிரல் அளவுதான் தெரிவாள்.

அப்பேர்ப்பட்டவள் விழுந்தது எங்கே? சொந்த வீட்டுக் குளியலறையில்! சோப்புத் தண்ணீர் வழுக்கிக் கால் உடைந்துவிட்டது. கேட்டதும் பதறிப்போனோம். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சிரித்துத் தொலைத்தோம். மனுஷ ஜென்மம் அப்படித்தான்.

லீவு நாளில் எல்லாரும் பார்க்கப் போனோம். முழங்காலுக்குக் கீழே வெள்ளைவெளேரென்று மாவுக்கட்டு. எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? வெல்டர், ‘எடை அரை டன். சாப்பிட்ட பிறகு முக்கால்’ என்று எழுதினான். கம்பி கட்டுகிறவர், ‘தூக்கும்போது கீழே நிற்காதீர்’ என்று எழுதினார். டீ கொண்டுவந்த அவள் வீட்டுக்காரர் தையல்காரர். தட்டைக் கீழே வைத்துவிட்டு, ‘அளவு சரியில்லை, பிரித்துத் தைக்கப்படும்’ என்று எழுதினார்.

எதால் எழுதினோம் என்று கேளுங்கள். இரும்பில் குறி போடுகிற சிவப்புப் பெயிண்டால்! எங்கள் பையில் வேறென்ன இருக்கும்? அது உள்ளே ஊறித் தோலெல்லாம் அரிப்பெடுக்க, டாக்டர் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கட்டைப் பிரித்துப் புதுசு போட்டார்.

மறுபடி போனோம், இந்தத் தடவை புத்தியாகப் பேனாவோடு.

“இன்னிக்கு நான்தான் மொதல்ல எழுதுவேன்” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். குனிந்து எழுதினாள்: ‘மேலே ஏறப் பயமாக இருக்கிறது.’

“இதான் டாப்பு!” என்று வெல்டர் தொடையில் தட்டினான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் கிளம்பியபின் நான் மட்டும் தங்கினேன்.

“நெஜமாவாம்மா?”

“நெஜம்தான் அண்ணே. கண்ண மூடினா அந்த ஏணிதான் வருது. இந்த வேலைய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

“இதுக்கு முன்னாடி பயமே இருந்ததில்லையே உனக்கு!”

“யார் சொன்னா? மொத நாள்லேருந்து பயம்தான். தெனமும் பயந்துக்கிட்டேதான் ஏறுவேன். கூண்டுல உக்காந்துட்டா சரியாயிடும். இப்ப அதுவரைக்கும் போவேனான்னுதான் தெரியல.”

இவள் பிறவியிலேயே பயமற்றவள் என்றல்லவா நினைத்திருந்தேன்! அடேயப்பா, ஒவ்வொரு காலையும் இந்தப் பயத்தையும் சுமந்துகொண்டா ஏறினாள்? அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கட்டு பிரித்து, கால் தேறி, டாக்டர் சரி என்றபின் வந்தாள். சைட்டே வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. ஏணியில் ஏறத் தொடங்கியவள், பாதி உயரத்தில் ஆள் நின்று இளைப்பாற வைத்திருக்கும் இரும்புத் தட்டில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை.

“எறங்கச் சொல்லிடலாமா?” என்றார் மேஸ்திரி.

“வாய மூடுய்யா!” என்றேன். கையில் வாக்கிடாக்கி இருந்தது. அதை அமுக்காமல் அண்ணாந்தே நின்றேன்.

எழுந்தாள். கம்பியைப் பிடித்தாள். ஒவ்வொரு படியாக ஏறினாள். கூண்டின் கதவு சாத்தியதைப் பார்த்த பிறகுதான் கீழே எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

முதல் கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டினார்கள். தூக்கு என்று கையை உயர்த்தினேன். கொக்கி அசையவில்லை. மறுபடி உயர்த்தினேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

“அண்ணே, உங்க கை நடுங்குது. நிதானமா காட்டுங்க, தூக்கறேன்.”